உங்களுக்குத் தெரியுமா? கூவம் கரையில் காணாமல் போனவை

அயனம்பாக்கத்துக்காரர்களுக்குக் கூவத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கேசாவரம் அணைக்கட்டு, கூவம் கிராமம் என்று மேற்கே தொடங்கி, திருவேற்காட்டைத் தொட்டு நம் பக்கம் வந்து, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை வழியாக நேப்பியர் பாலத்தடியில் கடலில் கலக்கிறது. இதன் கரையில் இருந்த எத்தனையோ கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் போய்விட்டன. பழைய போட்டோக்களில்தான் இனி அவற்றைப் பார்க்க முடியும். அந்தப் படங்களைப் பற்றியும், எடுத்தவர்களைப் பற்றியும், படத்தின் ஓரத்தில் பெயர் தெரியாமல் நிற்கிறவர்களைப் பற்றியும் இந்த வாரம் கொஞ்சம் பார்ப்போம்.

பூந்தமல்லி சாலையில் ஒரு கேமரா வகுப்பு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சென்ட்ரலை நோக்கிப் போகும்போது, வேப்பேரி அருகே சிவப்புச் செங்கல் கட்டடங்களோடு மரங்களுக்கு நடுவே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி அது. ஓவியம், மண்பாண்டம், மரச்செதுக்கு இவற்றோடு, அப்போது உலகத்துக்கே புதிதாயிருந்த போட்டோ பிடிக்கும் கலையையும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். போட்டோ என்ற கண்டுபிடிப்பு பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839இல். இருபது வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் 1856இல் மதராஸில் ஒரு போட்டோ சங்கமே அமைந்துவிட்டது. அதை ஆரம்பித்ததிலும் ஹண்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

மேகத்தைக் கையால் வரைந்தவர்

லின்னேயஸ் டிரைப் ராணுவ கேப்டன். மதராஸ் மாகாண அரசாங்கம் அவரை அதிகாரபூர்வப் போட்டோகிராபராக நியமித்தது. 1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நாலரை மாதம் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தமிழ்நாட்டின் ஆற்றங்கரை ஊர்களை நூற்று அறுபது வருடங்களுக்கு முன்பு இருந்த நிலையில் நாம் பார்க்க முடிகிறது என்றால், அதற்கு இவர்தான் முதல் காரணம்.

இவருடைய பெரிய படங்களுக்கு நெகட்டிவ் கண்ணாடி கிடையாது, பிலிமும் கிடையாது. மெழுகு பூசிய காகிதம். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேல் அகலம். நம் வெயிலில் ரசாயனம் தயாரித்து, காகிதத்தில் ஏற்றி, கூடாரத்துக்குள் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் காலக் காகிதத்தில் வானம் விழாது, வெறும் வெள்ளையாகத்தான் வரும். டிரைப்புக்கு அது பிடிக்கவில்லை. நெகட்டிவின் மேலேயே வண்ணப்பூச்சால் மேகங்களைத் தீட்டினார். அவருடைய படங்களில் கோபுரத்துக்குப் பின்னால் திரண்டு நிற்கும் மேகங்கள் பல அவர் கைவேலை. உற்றுப் பார்த்தால் தூரிகை ஓடிய தடம் புரியும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளையும் அவர் விடவில்லை. துண்டு துண்டாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று செல்பேசியைப் பக்கவாட்டில் நகர்த்தி ‘பனோரமா’ எடுக்கிறோமே, அதை 1858இல் மெழுகுக் காகிதத்தில் செய்திருக்கிறார் மனிதர்.

பிறகு என்ன நடந்தது? 1859இல் புதிய கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் வந்தார். கஜானா இருக்கும் நிலையில் போட்டோ என்பது ஆடம்பரம் என்று சொல்லி அந்தத் துறையை மூடச் சொல்லிவிட்டார். நியாயமான சிக்கனமாக அன்றைக்குத் தோன்றியிருக்கலாம். இன்னும் பத்து வருடம் டிரைப் சுற்றியிருந்தால் நமக்கு எத்தனை ஊர்கள் கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

ஏ.வி. பாலம் இல்லாத வைகை

டிரைப் எடுத்த மதுரைப் படங்களில் ஒன்று, வைகையும் அதைக் கடந்து நகருக்குள் போகும் தரைப்பாலமும். மதுரைக்காரர்கள் ஏ.வி. பாலம் என்று சொல்லும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889இல்தான் வந்தது. அதற்கு முப்பது வருடம் முந்தைய ஆறு இது. அதே பயணத்தில் விளக்குத்தூணையும் எடுத்திருக்கிறார். மதுரைக் கோட்டை மதிலை இடித்து நகரத்தை வெளியே விரியவிட்ட கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது. மதில் போய்விட்டது. தூண் இன்றும் ஜவுளிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறது.

ஆளில்லாத தெருவா?

பழைய படங்களைப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது, தெருவில் ஒரு ஈ காக்காய்கூட இல்லை” என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. தெரு காலியாக இருக்கவில்லை. காகித நெகட்டிவில் ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும். அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது மட்டும்தான் பதியும். தலையில் கூடையோடு நடந்துபோனவர், வண்டியோட்டி, ஓடியாடிய பிள்ளைகள் யாரும் பதியவில்லை. சில படங்களில் தரையை ஒட்டிப் புகைபோல ஒரு கலங்கல் தெரியும். யாரோ வந்து, கொஞ்சம் நின்று, நகர்ந்துவிட்டதன் அடையாளம் அது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருந்தால் முதலில் தேட வேண்டியது இதைத்தான் என்பேன். கோபுரத்தை நேரிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கறுப்புப் பொட்டு

பழைய படங்களில் நெற்றிக் குங்குமம் மைப்பொட்டு மாதிரி கறுப்பாக இருக்கும். கோயில் மதிலின் காவிப் பட்டையும் கறுப்புதான். அரக்குச் சேலையும் அப்படியே. காரணம், அந்தக் காலத்துப் படத்தகடுகளுக்கு நீலம் தெரியும், சிவப்பு தெரியாது. நீல வானம் அதனால்தான் வெளுத்துப்போய் விழுந்தது. எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் பரவலாகப் புழக்கத்துக்கு வரவே 1920கள், 30கள் ஆயின. ஆகவே கொள்ளுப்பாட்டி கல்யாணப் படத்தில் கறுப்புச் சேலை கட்டியிருக்கிறாரே என்று யாரும் கலங்க வேண்டாம். அது பெரும்பாலும் அரக்குக் கூறையாகத்தான் இருக்கும்.

முட்டை வெள்ளைக்கருவில் ஊர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் போட்டோக் காகிதங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மேலே பூசியது கோழிமுட்டையின் வெள்ளைக்கரு. அதில்தான் வெள்ளி உப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஒரு காகித ஆலை நாளைக்கு 60,000 முட்டை உடைத்திருக்கிறது! பழைய படங்களுக்கு இருக்கும் அந்தப் பழுப்பு மஞ்சளுக்கு வெள்ளைக்கரு காலப்போக்கில் நிறம் மாறியதும் ஒரு காரணம்.

ஐயாசாமி

மதராஸின் ஆரம்பகாலப் படங்கள் எல்லாமே வெள்ளைக்காரர்கள் எடுத்தவை என்று நினைத்தால் அது சரியில்லை. கலைப்பள்ளியில் படித்த சி. ஐயாசாமி என்ற தமிழர், டிரைப்புக்கு உதவியாளராக இருந்தவர், தாமே நல்ல போட்டோகிராபர். அரசாங்கத்தின் போட்டோத் துறை மூடப்பட்ட காலத்தில் கலைப்பள்ளியில் அந்த வேலையைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் நூலகத்தில் அவர் பெயரிட்ட படங்கள் இருக்கின்றன. டிரைப்பைப் பற்றிக் கனமான ஆங்கிலப் புத்தகங்கள் வந்துவிட்டன, லண்டனிலும் வாஷிங்டனிலும் கண்காட்சிகள் நடந்தன. ஐயாசாமியைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூலாவது வர வேண்டும். நம் பிள்ளைகள் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய மனிதர்.

ஒரு நதி, ஒரு பஞ்சம்

எல்லாப் பழைய படங்களும் ரசித்துப் பார்க்கக்கூடியவை அல்ல. 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடித்தார். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின, பஞ்சம் எவ்வளவு கொடியது என்று காட்டின. அவர்களுக்குச் சோறு போட்டாரா, படம் மட்டும் எடுத்தாரா என்று அப்போதே கண்டனமும் எழுந்தது. அதில் இருக்கிற ஒருவருடைய பெயரும் பதிவாகவில்லை. ஊரும் பெயரும் கேட்டு எழுத அரை நிமிடம் ஆகியிருக்குமா?

அதே பஞ்சத்தில், கஞ்சிக்கும் கூலிக்குமாக ஆட்களை வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துச் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். பக்கிங்ஹாம் கால்வாயின் நகரத்துப் பகுதி அதுதான். பறக்கும் ரயிலில் போகும்போது தூண்களுக்குக் கீழே தெரிகிற சாக்கடையை வெட்டியவர்கள் பசித்த வயிற்றுக்காரர்கள்.

கூவத்தில் குளித்தவர்

பச்சையப்ப முதலியார் (1754–1794) கோமளீசுவரன்பேட்டையில் இருந்தவர். கூவத்தில் நீராடிவிட்டு அங்கிருக்கும் கோமளீசுவரரைக் கும்பிடுவது அவருடைய வழக்கம். அவர் காலத்தில் கேமரா இல்லை. ஆனால் கேமரா வந்த பிறகும் பல வருடங்களுக்குக் கூவத்தின் படங்களில் தெளிந்த நீரும் தென்னை நிழலும் துணி துவைக்கிறவர்களும் தெரிகிறார்கள். ஆறு ஒரு காலத்தில் நன்றாக இருந்தது என்று பாட்டிமார் சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. படத்தைக் காட்டினால் நம்புவார்கள்.

கடையெழு வள்ளல்கள் பெயரில் படகுத்துறை

அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் கூவத்தைச் சீர்செய்யும் திட்டம் தொடங்கியது. கரைகள் கட்டி, படகுத்துறைகள் அமைத்தார்கள். பாரி, ஓரி, காரி என்று கடையெழு வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் கூவத்தில் உல்லாசப் படகுகள் ஓடின. கொஞ்ச காலம்தான். அந்தப் படகுப் பயணத்தின் கறுப்பு வெள்ளைப் படம் யாராவது வீட்டில் இருந்தால், அது மாநில வரலாற்றின் ஒரு துண்டு என்பதை அறிந்து பத்திரப்படுத்துங்கள்.

சிறையைப் பார்க்க வரிசை

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி, 1837 முதல் இருந்தது சென்னை மத்திய சிறை. நேதாஜி இருந்திருக்கிறார், அண்ணா இருந்திருக்கிறார். 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் இடிப்பதற்கு முன்பு பொதுமக்களை உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தபோது கூட்டம் அலைமோதியது. குடும்பம் குடும்பமாக வந்து, கொட்டடிக்குள் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். கேமரா செல்பேசி கைக்குக் கை வந்திருந்த நேரம் அது. இடிபடப் போகும் ஒரு கட்டடத்தைச் சாதாரண மக்கள் இவ்வளவு பேர் கூடிப் படம்பிடித்தது இந்த ஊரில் அரிதாக நடந்த விஷயம். அந்தப் படங்கள் இப்போது எங்கே? பழைய செல்பேசிகளோடு போயிருக்கும். ஒன்றிரண்டு யாருடைய கணினியிலாவது கிடக்கும். இன்று அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள்.

மூர் மார்க்கெட்

1900இல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, கடிகாரம், கிளி, முயல், புறா எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. 1985 மே 30 அன்று தீக்கிரையானது. அந்த இடத்தில்தான் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் அன்றாடம் வண்டி ஏறுகிற ஆயிரக்கணக்கானவர்கள் மூர் மார்க்கெட்டின் மீது நடந்துதான் போகிறார்கள். ரயில்வே கால அட்டவணையில் அந்த நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். எரிந்த கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் பக்கம் இடம் கொடுத்தார்கள். அங்கே இருந்த குளமும் படங்களில் மட்டும்தான் மிச்சம்.

இன்னும் மூன்று

மெரினாவில் 1909இல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள், இந்தியாவிலேயே முதலாவது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942இல் மூடியவர்கள் பிறகு திறக்கவே இல்லை.

அண்ணா சாலை அரசினர் தோட்டத்தில் கவர்னர்கள் வாழ்ந்த பழைய அரசு மாளிகையை, புதிய சட்டமன்ற வளாகத்துக்காக 2008இல் இடித்தார்கள். 2010இல் திறந்த அந்த வளாகம் 2014இல் மருத்துவமனையாயிற்று. பக்கத்தில் இருந்த ராஜாஜி மண்டபம் தப்பித்தது.

மவுண்ட் ரோட்டின் பழைய அஞ்சலட்டைகளில் கம்பீரமாக ஒரு சிலை நிற்கும். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஜெனரல் நீல். 1927இல் அதை அகற்றச் சொல்லி இளைஞர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை போனார்கள். 1937இல் ராஜாஜி ஆட்சி வந்ததும் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. காணாமல் போனதற்கு யாரும் வருந்த வேண்டாத ஒன்று இது.

தேதி இல்லாத படத்துக்குத் தேதி சொல்வது எப்படி?

படத்தின் பின்னால் ஒன்றும் எழுதியிருக்காது. ஆனால் படத்துக்குள்ளேயே விடை இருக்கும். சென்னைப் படம் என்றால் இந்த வருடங்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். சென்ட்ரல் நிலையம் 1873. டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. ரிப்பன் மாளிகை 1913. நேப்பியர் பாலம் முதலில் கட்டியது 1869இல், ஆனால் அந்த வில் வளைவுகள் 1943இல் வந்தவை. அண்ணா சாலையின் 14 மாடி எல்.ஐ.சி. 1959. மெரினாவின் சிலை வரிசை 1968, உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்தது. கை ரிக்‌ஷா 1973இல் ஒழிந்தது.

இனி ஒரு படத்தை எடுங்கள். ரிப்பன் மாளிகை தெரிகிறது, தரையில் டிராம் தண்டவாளம் ஓடுகிறது. 1913க்கும் 1953க்கும் இடையில். கூவத்தின் முகத்துவாரம், பாலம் இருக்கிறது, வளைவு இல்லை. 1943க்கு முன்னால். அடுத்து வேட்டிக் கட்டு, கார், கடைப் பலகை எழுத்து என்று நெருக்கிக்கொண்டே போகலாம். பள்ளிக்கூடத்தில் வரலாற்று வகுப்பை இப்படி நடத்தினால் எந்தப் பிள்ளை கொட்டாவி விடும்?

சினிமாவும் இதற்கு உதவும். ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் நாகேஷ் மெட்ராஸைச் சுற்றி வரும் பாட்டை ஒலியைக் குறைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் இருக்கும் தெருவை மட்டும் பாருங்கள்.

பாரதிக்கே ஐந்துதான்

கேமரா வந்து எழுபது, எண்பது வருடம் ஆன பிறகும் ஒருவருடைய முகம் பதிவாவது அவ்வளவு அரிது. பாரதியாரின் போட்டோக்கள் என்று நமக்குக் கிடைத்திருப்பவை மொத்தம் ஐந்தே. ரா.அ. பத்மநாபன் தேடித் தேடிச் சேர்த்து 1957இல் வெளியிட்ட ‘சித்திர பாரதி’ இல்லையென்றால், அவற்றின் பின்னணி தெரியாமலேயே போயிருக்கும்.

ஆவடியில் ஒரு தற்காலிக நகரம்

நம் வட்டாரத்துக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போனபோது ஆவடி வழியாகத்தான் போனது. ஆனால் ஆவடி உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கப் படங்களில் வந்தது 1955 ஜனவரியில், காங்கிரஸ் மாநாட்டின்போது. தலைவர் யு.என். தேபர், பேசியவர் நேரு, வீட்டுக்காரராக நின்று கவனித்தவர் முதலமைச்சர் காமராஜர். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய மாநாடு அது. பந்தல்களும் குடில்களும் தோரண வாயில்களுமாக சத்தியமூர்த்தி நகர் என்று ஒரு நகரத்தையே எழுப்பி, முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். பத்திரிகைகள் மேடையைப் படம்பிடித்தன. மூங்கில் கட்டியவர்களையும், சமையல் கொட்டகையையும், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்த சுற்றுவட்டாரத்து மக்களையும் யார் எடுத்தார்கள்? இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் தேடினால் ஏதாவது தட்டுப்படலாம்.

அயனம்பாக்கத்தை மேலிருந்து எடுத்த கேமரா

டிரைப்பின் வண்டி இந்தப் பக்கம் வரவில்லை. அஞ்சலட்டைக் கம்பெனிகளுக்கு ஏரியும் களத்துமேடும் விற்கிற சரக்காகத் தோன்றியிராது. ஆனால் வானத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்! 1960 முதல் 1972 வரை அமெரிக்கா ‘கொரோனா’ என்ற பெயரில் உளவு செயற்கைக்கோள்களை அனுப்பியது. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிலிம் சுருளை ஒரு கலத்தில் வைத்து பாராசூட்டில் கீழே விட, நடுவானிலேயே விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும். ரஷ்யாவையும் சீனாவையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றாலும், இந்தியாவின் பகுதிகளும் அதில் விழுந்தன. 1995இல் ரகசியத்தை நீக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் நமக்கு முக்கியமானவை. அம்பத்தூர் தொழிற்பேட்டை எழும்பியது 1960களில்தான். வயல் மனையாகி, வரத்துக் கால்வாய் சாலையாவதற்கு முந்தைய மேற்குச் சென்னையை அப்படங்களில் தேடலாம். ஏரிக்கரை எங்கே வளைந்தது, மதகிலிருந்து தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது, கலங்கல் தாண்டிய நீர் எந்த வழியாகக் கூவத்துக்குப் போனது என்று தேடிப் பார்க்க வேறு படம் நமக்கு எளிதில் கிடைக்காது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மயிலாப்பூர் ஏரி தியாகராய நகர் ஆனது. நம்முடைய ஏரி இன்னும் ஏரியாகவே இருக்கிறது. இதன் எல்லையைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்வது ஊர்க்காரர்களுக்கு ஒரு கைக்காவல்.

அண்மைக் காலத்துக்குக் கூகுள் எர்த் போதும். அதில் வருடத்தைப் பின்னோக்கித் தள்ளும் வசதி உண்டு. அயனம்பாக்கம் ஏரியைத் திரையில் நிறுத்திவைத்து, 2000த்துக்கும் இன்றைக்கும் நடுவே தள்ளித் தள்ளிப் பாருங்கள்.

இப்போது காணாமல் போகிறவை

பழைய கட்டடங்களுக்காவது ஏதோ ஒரு படம் மிஞ்சியது. கூவம் கரையோரக் குடியிருப்புகளுக்கு? ஆற்றைச் சீரமைக்கும் பணிக்காகக் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கரையிலிருந்து எடுத்துப் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த தெருக்கள். தண்ணீர்க் குடம் வரிசை, டீக்கடை, அம்மன் கோயில், கேரம் போர்டு மன்றம் எல்லாம் ஒரு வாரத்தில் மண்மேடு. பத்திரிகைகளில் வந்தது இயந்திரம் சுவரை இடிக்கும் படம். அதற்கு முந்தின நாள் வரை அந்தச் சுவருக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான படம் அவர்கள் செல்பேசியில்தான் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கவர்னர் மாளிகைக்கு உள்ள இடம் அந்தத் தெருக்களுக்கும் உண்டு.

மதுரவாயல் வழியாகப் போகிறவர்கள் கூவத்துக்குள் நிற்கும் பறக்கும் சாலைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் நின்றுபோய், 2022இல் ஈரடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டிய திட்டம். வெறும் தூண்கள் மேலே சாலை இல்லாமல் இத்தனை வருடம் நின்றதும் ஒரு காலத்தின் காட்சிதான். முடிவதற்குள் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

ஸ்டுடியோவின் கண்ணாடித் தகடுகள்

ஊருக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. வரைந்த திரைச்சீலையில் மாடிப்படியும் நீரூற்றும். முன்னால் பூச்சட்டி வைத்த உயர முக்காலி. அதில் கைவைத்து நிற்கும் மாப்பிள்ளை. மாமியார் வீட்டுக்கு அனுப்ப, பெண் பார்க்கும் முன் காட்ட, பிள்ளைக்கு மொட்டை போட்டதும் எடுக்க என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் போனார்கள். ஸ்டுடியோக்கள் மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவிச் சட்டம் போடும் கண்ணாடியாக்கினார்கள். பிலிம்கள் வெள்ளி எடுப்பதற்காக எடைக்குப் போயின. எத்தனை முகங்கள்!

மிஞ்சியதைக் காப்பாற்ற, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் ஏறக்குறைய 1880 முதல் 1980 வரையிலான படங்களை மின்னாக்கம் செய்தது. அவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நனைந்த ஆல்பம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் நனைந்து, குப்பை வண்டியில் போயின. நனைந்த படத்தை எறிய வேண்டியதில்லை. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் தானாக விடும். சேற்றைத் தேய்க்காமல் தண்ணீரை ஓடவிட்டு அலசி, படம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்பிக் காயவையுங்கள். வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். உடனே செய்ய நேரமில்லை என்றால் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஊர் அடங்கியபின் எடுத்துச் செய்யலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை மட்டும் பிரிக்க முயலாமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

பின்பக்கம்

படத்தின் பின்னால் பெயர் எழுதுவதற்குப் பேனா கூடாது. மை ஊறி முன்பக்கம் வரும், நனைந்தால் கரையும். மென்மையான பென்சில் போதும். மேசைமேல் கவிழ்த்துவைத்து, அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், எந்த வருடம், என்ன விசேஷம். பின்னால் இருப்பது ஏரிக்கரையா, களமா, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து. முகத்தை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்துக் காகித உறைக்கு மாற்றிவிடுங்கள். அந்த உறையின் மேல் எழுதப் பேனாவையே பயன்படுத்தலாம், ஆனால் படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னால்.